நிகழ்காலத்தில் எழுதவும்

ஸ்காபரோவிலிருந்து மச்சாள் அனுப்பிய குரல்பதிவு
பதினொரு நிமிடம்.
பிரபஞ்சத்துக்குக் காது இருக்காம்.
"வேணும்" என்று எழுதக் கூடாதாம்,
எழுதினால் வேணும் வேணும் என்றபடியே
நின்றுவிடுமாம் வாழ்க்கை.
கிடைத்துவிட்டதாய் எழுத வேண்டும்.
நிகழ்காலத்தில்.
முப்பத்துமூன்று தரம், நீல மையில்.
கடைசியில் நன்றி.

கச்சேரிக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடையில்
வேலை எனக்கு.
கேட்கிற சனத்தைத்தான் நாள் முழுதும் பார்க்கிறேன்.
காணி உறுதி, பிறப்பு அத்தாட்சி,
கிராம சேவகரின் கடிதம்,
எல்லாம் மும்மூன்று பிரதி.
கண்ணாடியில் தாள் குப்புறப் படுக்க
பச்சை வெளிச்சம் ஒருமுறை நடந்து போகும்.

பிழைத்துப்போன தாள்களின் பின்பக்கத்தில்
எழுதத் தொடங்கினேன்:
அகரன் கதைக்கிறான். நன்றி.

ஐந்து வயது.
பெயரில் இருக்கிறது முதலெழுத்து,
வாய்க்கு இன்னும் வரவில்லை.

பன்னிரண்டாம் தரத்தில் கை நோகும்.
இருபதில் சொல் வெறும் கோடாகும்.
எழுதிய தாளைக் கடலைப் பார்த்து
விட்டுவிட வேண்டும் என்பது கடைசிப் பாடம்.

ஞாயிறு பின்னேரம் கோட்டைவாசல்.
சீலைத்துண்டும் தொட்டிலும் தொங்கும்
மலைக்கோயில் மரம் தாண்டி
கடல் தெரியும் விளிம்புவரை ஏற நினைத்திருந்தேன்.
மதிலோரம் புள்ளிமான் ஒன்று,
கொம்பில் நைலோன் வலைத்துண்டோடு,
சனத்துக்குப் பழகிய மூக்கை நீட்டி
கையிலிருந்ததை இழுத்து
மென்றது.
முப்பத்துமூன்றையும்.
நன்றியையும் சேர்த்து.

அகரன் சிரித்தான்,
சத்தமில்லாமல், தோள் குலுங்க.
பிறகு என் கைப்பையைத் திறந்து
மின்சாரப் பட்டியலை எடுத்து நீட்டினான்.
மான் அதை மணந்து பார்த்துவிட்டுத்
திரும்பிக்கொண்டது.

இது போய்ச் சேருமா என்று
மச்சாளிடம் கேட்டேன்.
"உன்ர எண்ணம் சுத்தமெண்டால் எல்லாம் சேரும்."
சேராவிட்டால்?
"சுத்தம் காணாது."

இன்பவதியக்கா செவ்வாய்தோறும் வருவா,
திருக்கடலூரிலிருந்து.
ஒரு படம், ஒரு மனு, மூன்று பிரதி.
கொழும்புக்கு ஒன்று, ஜெனீவாவுக்கு ஒன்று,
தலையணைக்குக் கீழே ஒன்று.
மூலப்படம் எந்த விசாரணையிலோ போய்விட்டது.
பிரதியின் பிரதியைத்தான் வைத்து எடுக்கிறோம்.
ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வெளுக்கிறான்.
மூக்கு போய்விட்டது. மீசை இருக்கிறது.
"கறுப்பைக் கூட்டு தங்கச்சி" என்பா.
கூட்டினால்
கண் இருந்த இடம் இருண்டு போகிறது.

மனுவில் அவன் இறந்தகாலத்தில் இருக்கிறான்:
கூட்டிச் செல்லப்பட்டார். திரும்பி வரவில்லை.
அக்காவின் வாயில் அப்படியில்லை.
அவனுக்குச் சூடைமீன் பிடிக்காது.
அவனுக்கு இப்ப நாற்பத்தொண்டு நடக்குது.
அவன் கோபக்காரன்,
எண்டாலும் செருப்பை வாசலில
ஒழுங்காய்க் கழட்டி வைப்பான்.

அக்காவுக்கு யாரும் குரல்பதிவு அனுப்பவில்லை.
பதினெட்டு வருசமாய்
நிகழ்காலத்தில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா.
இதற்குமேல் என்ன சுத்தம், மச்சாள்?
அனுப்பவில்லை இந்தக் கேள்வியை.
தட்டி, அழித்து, தட்டி, அழித்து
தொலைபேசியைக் குப்புற வைத்தேன்.

இரவு மறுபடி தாளை எடுத்தேன்.
விட முடியவில்லை, அதுதான் உண்மை.
முப்பத்துமூன்று எழுதி முடித்து
முப்பத்துநாலாவதாய்:
அக்காவின் மகன் வாசலில் செருப்பைக் கழற்றுகிறான்.
அதற்கு நன்றி எழுதவில்லை.
வரட்டும். வந்த பிறகு சொல்லலாம்.

அகரன் பக்கத்தில் வந்திருந்தான்.
தாளின் ஓரத்தைக் கிழித்து
வாயில் வைத்து
மெல்ல மென்று பார்த்தான்.
துப்பு என்றேன்.
மாட்டேன் என்று
தலையசைத்தான்.